ஜெயகரனும் இரண்டாம் வரிசையும்

செகந்திராபாத் பக்கம் குஷாய்குடாவில் பெரிய மின்னணுத் தொழிற்சாலை ஒன்று இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஜெயகரன் வேலை பார்த்தது அதில் இல்லை. அதையும் தாண்டிப் போனால் கம்பி வேலிக்குள்ளே இன்னொன்று இருந்தது. அதுவும் அரசாங்கத்துடையதுதான், ஆனால் சின்னது. ஆள் உயரத்துக்கு இரும்பு அலமாரி மாதிரி, முகத்தில் விளக்கும் முள்ளும் சுவிட்சுமாக இருக்குமே, மின்சார நிலையத்துக்குப் போகிற கண்ட்ரோல் பேனல், அதை அங்கே செய்தார்கள். செய்ததைப் பெட்டியில் அடைத்து லாரி ஏற்றுகிற டெஸ்பேட்ச் செக்ஷனில் ஜெயகரன் கிளார்க்.

ஆனால் செகந்திராபாத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் அவனைத் தெரிந்துவைத்திருந்தது கிளார்க் வேலைக்காக இல்லை. யார் வீட்டில் யார் தவறினாலும் முதல் ஆள் போதகர் வீட்டுக்கு ஓடும், அடுத்த ஆள் பெட்டி செய்கிறவரிடம், அதற்கடுத்தது ஜெயகரனிடம். பெட்டியை மூடுவதற்கு முன்னால் குடும்பம் மொத்தமும் அதைச் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது அந்த ஜனங்களின் வழக்கம். ஊரிலிருந்து புறப்பட முடியாதவர்களுக்கும் கொழும்பில் பிழைக்கப் போனவர்களுக்கும் அந்தப் படம் போய்ச் சேர்ந்தால்தான் அடக்கம் முடிந்ததாகக் கணக்கு. ஜெயகரன் கேமராப் பையோடு துக்க வீட்டுக்குள் நுழைந்தால் அழுகைச் சத்தம் அரைவாசி குறையும். பெண்கள் தலையை ஒதுக்கிக்கொள்வார்கள். "எல்லாரும் இங்க பாருங்க. மூச்சைப் பிடிச்சுக்கிடுங்க. அழுகிறதை அப்புறம் வச்சுக்கலாம்" என்பான். அதற்காக யாரும் கோபித்துக்கொண்டது கிடையாது. ஒருவரைத் தவிர.

அந்த ஒருவர் சிலாஸ். ஜெயகரனின் மனைவி ஞானசௌந்தரிக்குக் கூடப் பிறந்த மூத்த அண்ணன். அவர்கள் அப்பா மூக்குப்பீறியிலிருந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு இரும்புக் கொல்லு வேலைக்கு வந்தவர். வந்த வருஷம் சிலாஸ் கைக்குழந்தை. அதற்குப் பிறகு தியோடர், அதற்கும் பிறகு ஞானசௌந்தரி. நடுவில் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அப்பா சீக்கிரம் போய்விட்டார். தம்பியைப் படிக்க வைத்ததும் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்ததும் சிலாஸ்தான். ஜெயகரனை அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டதும் அவரே. அங்கே ஒயரிங் செக்ஷனுக்கு அவர் ஃபோர்மேன். ஆறடிக்கு மேல் உயரம். கதவு தாண்டும்போதெல்லாம் ஜெபம் பண்ணுகிறவர் மாதிரி தலையைக் குனிந்துதான் வருவார்.

அவர் அம்மா தவறியது எழுபத்து நாலில், நல்ல வெயில் காலத்தில். மெட்டுகுடா வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். மூத்த மகன் தலைமாட்டில் நிற்க வேண்டும், பெட்டியின் மேல் ஒரு கை இருக்க வேண்டும். அது முறை. ஜெயகரன் கேமராவுக்குள் பார்த்தான். பார்த்துவிட்டு, "மச்சான், நீங்க ரெண்டாவது வரிசைக்குப் போங்க. தியோடர், நீ தலைமாட்டுக்கு வா" என்றான். துக்கத்தில் இருந்த சிலாஸ் சொன்ன இடத்துக்குப் போனார். அங்கே பந்தல் கால் ஒன்று இருந்தது. படம் கழுவி வந்தபோது சிலாஸ் இருந்த இடத்தில் பந்தல் கால் இருந்தது, அதற்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு காது இருந்தது.

கொழும்பிலிருந்து அவர் சித்தி எழுதியிருந்தாள்: 'அம்மாவின் அடக்கத்துக்கு வர முடியாமல் போன உன் மனவேதனையை நினைத்து ஜெபிக்கிறேன்.' அதைப் படித்த நாளிலிருந்து சிலாஸ் ஜெயகரனோடு பேசுவதை விட்டார்.

சண்டை கிடையாது, சத்தம் கிடையாது. ஒரே கம்பெனி பஸ், ஒரே கேன்டீன், ஞாயிற்றுக்கிழமை ஒரே கோவில். சிலாஸ் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிறவரிடம், "அவருகிட்ட சொல்லு" என்பார். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் சொல்ல மாட்டார். பதினொரு வருஷம் இப்படிப் போயிற்று. யாருக்கும் பெரிய கஷ்டமில்லை, ஜெயகரனின் மகள் பியூலாவுக்குப் பாளையங்கோட்டையில் மாப்பிள்ளை அமைகிற வரைக்கும்.

நிச்சயத்துக்கு வந்த சம்பந்தக்காரர் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே, "தாய்மாமா எங்க காணோம்?" என்று கேட்டார்.

"அண்ணன் டூட்டில இருக்காக" என்று ஞானசௌந்தரி சொல்லிவிட்டாள். அவர்கள் போனதும் ஜெயகரனைப் பிடித்துக்கொண்டாள். "இன்னைக்கு டூட்டின்னு சொல்லியாச்சு. மே மாசம் கல்யாணத்தன்னைக்கும் டூட்டின்னா சொல்ல? எங்க குடும்பத்துல தாய்மாமன் கைபிடிச்சு ஏத்தாம எந்தப் பொண்ணும் கோயிலுக்கு வண்டி ஏறினது கிடையாது. அண்ணன் வரலைன்னா யாரு ஏத்துவா? நீங்க ஏத்துவியளா?"

"நான் ஏத்தினா வண்டி நகராதா?"

"நகரும். நான் ஏற மாட்டேன்."

இரண்டு பேருமாக மெட்டுகுடாவுக்குப் போய்க் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். சிலாஸ் அதை வாங்கி, பிரிக்காமல், ரேடியோப் பெட்டிக்குக் கீழே செருகினார். "டீ குடிச்சிட்டுப் போகச் சொல்லு" என்று தன் மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான்.

இந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலைக்கு வீடியோ கேமரா வந்தது.

டெல்லியிலிருந்து உத்தரவு. ஒவ்வொரு கம்பெனியும் தன்னைப் பற்றி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், சாமான் வாங்க வருகிறவர்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும் என்று. கேமரா ஒரு பெட்டியில் வந்தது. படமும் சத்தமும் பதிகிற மெஷின் இன்னொரு பெட்டியில் வந்தது. அதைத் தோளில் மாட்டினால் ஒரு பக்கம் சாயும். இரண்டுக்கும் நடுவே பெருவிரல் கனத்துக்கு ஒரு கேபிள். மக்கள் தொடர்பு மேனேஜர் லக்ஷ்மிநாராயணன் ஜெயகரனைக் கூப்பிட்டு, "உனக்குத்தான் போட்டோ தெரியுமே" என்று கேமராவைக் கொடுத்தார். அக்கவுண்ட்ஸில் இருந்த பத்மநாபன் சபாவில் மிருதங்கம் வாசிக்கிறவர் என்பதால் சத்தம் பதிகிற அந்த மெஷினை அவர் தோளில் மாட்டினார். அன்று முதல் இருவரும் ஒரு கேபிளில் கட்டின ஜோடி. ஒருவர் தண்ணீர் குடிக்கப் போனால் மற்றவரும் போக வேண்டியிருந்தது.

சொல்லிக்கொடுக்கப் பம்பாயிலிருந்து ரோஷன் என்று ஒரு பார்சிப் பெண் வந்தாள். ஜெயகரனில் பாதி வயசு. டயர் கம்பெனிக்கும் அணைக்கட்டுக்கும் படம் எடுத்தவள். முதல் நாள், "எதையாவது எடுத்துட்டு வாங்க, பார்ப்போம்" என்று இந்தியில் சொல்லி அனுப்பினாள்.

ஜெயகரன் கேன்டீனை எடுத்துக்கொண்டு வந்தான். இருட்டறையில் டிவியில் போட்டுப் பார்த்தார்கள். சமையல்காரர்கள், பரிமாறுகிறவர்கள், சாப்பிட வந்தவர்கள் எல்லாரும் உயரப்படி மூன்று வரிசையாக நின்றிருந்தார்கள். நடுவில் சாம்பார் அண்டா. யாரும் அசையவில்லை. வெகுநேரம் அசையவில்லை.

ரோஷன் கேட்டாள்: "இவங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை மேடம். நல்லா வந்திருக்காங்க."

"ஃபேன் மட்டும்தான் சுத்துது."

"ஹவ், ஆமா மேடம். அதை நிறுத்தச் சொன்னேன், வேர்க்குதுன்னுட்டாங்க."

ரோஷன் சிகரெட்டை எடுத்தாள், தொழிற்சாலை என்பது நினைவுக்கு வந்து உள்ளே வைத்தாள். "மூச்சு விடுறாங்களா?"

"பிடிச்சுக்கிடச் சொல்லியிருந்தேன்."

அதோடு எல்லார் முகமும் காமாலை கண்டது மாதிரி மஞ்சளாக இருந்தது. வெள்ளையாக ஒன்றைக் காட்டி, 'இதுதான் வெள்ளை' என்று கேமராவுக்கு முதலில் பழக்க வேண்டும் என்று அவள் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். ஜெயகரன் பத்மநாபனின் சட்டையைக் காட்டியிருந்தான். பத்மநாபன் வீட்டில் வெள்ளைத் துணிக்கு நீலம் கொஞ்சம் தாராளமாகப் போடுவார்கள். அந்த நீலத்தையே வெள்ளை என்று நம்பிவிட்ட கேமரா, மற்றதையெல்லாம் மஞ்சளாக்கிவிட்டது.

"ஆத்துக்காரி கேட்டா வருத்தப்படுவா" என்றார் பத்மநாபன். மறுநாளிலிருந்து ஒரு வெள்ளை அட்டையைக் கையோடு வைத்துக்கொண்டார்கள்.

ரோஷன் இரண்டு வாரம் இருந்தாள். ஜெயகரன் அதுவரைக்கும் கற்றிருந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டாள். ஆளை நிறுத்தாதே, அவன் செய்கிற வேலையை அவன் செய்யட்டும், நீ ஓரமாக நின்று காத்திரு. ஒருவர் பேசுகிறதை எடுத்தால் அவர் கையை, அவர் மெஷினை, சுவர்க் கடிகாரத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள், பேச்சை வெட்டுகிற இடத்தில் அதைப் போட்டு மூடலாம். பேட்டி எடுத்து முடித்த இடத்தில் எல்லாரையும் சும்மா இருக்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் சத்தத்தையும் கொஞ்ச நேரம் பதிவு செய். ஒட்டுப்போடும்போது அது இல்லாவிட்டால் சத்தம் கிணற்றில் விழுந்த மாதிரி அறுந்து போகும்.

"இன்னொண்ணு. கேள்வி கேட்டு, அந்த ஆள் பதில் சொல்லி முடிச்சதும் நீங்க வாயைத் திறக்காதீங்க. மனுஷனால சும்மா இருக்க முடியாது. அதுக்கப்புறம் ஒண்ணு சொல்லுவான் பாருங்க, அதுதான் படம்."

பேசாமல் இருக்கிற மனுஷன் ஒருவரை ஜெயகரனுக்குத் தெரியும்.

அவள் பம்பாய்க்குத் திரும்பிய பிறகு வேலை தொடங்கியது. பெயின்ட் அடிக்கிற ஷெட்டில் எடுத்தார்கள், தகடு வளைக்கிற இடத்தில் எடுத்தார்கள். யாரையும் நிறுத்தாமல் எடுப்பது ஜெயகரனுக்குச் சுலபமாக இல்லை. கலைந்து கிடக்கிற ஜனங்களைப் பார்த்தால் "உயரமானவங்க பின்னாடி" என்று வாய் வரைக்கும் வரும், விழுங்கிக்கொள்வான். கொஞ்ச நாளில் அதுவும் பழகியது. ஒரு வெல்டர் வேலைக்கு நடுவே முகமூடியைத் தூக்கிக் கொட்டாவி விட்டதை எடுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தான்.

ஒயரிங் செக்ஷனில்தான் மாட்டிக்கொண்டது. கேமரா உள்ளே நுழைந்ததும் சிலாஸ் திரும்பி முதுகைக் காட்டி நின்றார். ஃபோர்மேன் திரும்பினால் ஏதோ காரணம் இருக்கும் என்று செக்ஷன் முழுவதும் திரும்பிக்கொண்டது. அன்றைக்குக் கிடைத்தது அரை மணி நேர முதுகு.

லக்ஷ்மிநாராயணன் பார்த்தார். "ஏன் இப்படி? எல்லாரும் ஸ்டிரைக்கா?"

"இல்லை சார். சொந்தம்" என்றான் ஜெயகரன்.

"சொந்தத்தை வீட்டுல வச்சுக்கோ. ஆரம்ப நாளிலேர்ந்து இருக்கிற ஃபோர்மேன் பேசாம கம்பெனிப் படம் இருக்க முடியாது. அவர் பேட்டி வேணும், இது ஆர்டர்." ஆர்டரை எழுத்திலும் அனுப்பினார். சிலாஸ் ஆர்டருக்குக் கட்டுப்படுகிற மனுஷர்.

சாப்பாட்டு நேரத்தில், மெஷின்கள் நின்ற பிறகு, ஹால் நடுவில் ஒரு நாற்காலி போட்டார்கள். சிலாஸ் வந்து உட்கார்ந்தார். கை எட்டுகிற தூரத்தில் கேமராவுக்குப் பின்னால் ஜெயகரன். நடுவில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, பத்மநாபன்.

"பத்மநாபன், எப்போ சேர்ந்தாருன்னு கேளும்."

பத்மநாபன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், எப்போ சேர்ந்தேள்?"

"இந்த இடம் முள்ளுக்காடா கிடந்தப்போ சேர்ந்தேன்னு சொல்லு."

"முள்ளுக்காடா இருந்தப்பவாம்."

"கேட்டுச்சு ஓய். என்னென்ன மாறியிருக்குன்னு கேளும்."

"என்னென்ன மாறியிருக்குன்னு கேக்கறார்."

"முள்ளு போயிடுச்சுன்னு சொல்லு."

இப்படியே கொஞ்ச நேரம் நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் சிலாஸ் பதில் சொன்னார். ஒவ்வொரு பதிலும் ஒரு தந்திக்குள் அடங்கும். கடைசியில் ஜெயகரன் போதும் என்று கையைக் காட்டினான். பத்மநாபன் பாடத்தை மறக்காதவர். "சித்த நாழி யாரும் பேசப்படாது. ஹாலோட சத்தம் வேணும். அசையவும் கூடாது" என்றார்.

மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள். டேப் சுற்றிக்கொண்டிருந்தது. எங்கேயோ ஒரு டியூப் லைட் ரீங்காரம் போட்டது. ஜெயகரனுக்கு இந்த மௌனம் பழக்கமானது. பெட்டியைச் சுற்றி எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மௌனம்தான். சிலாஸுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும்.

"பத்மநாபன், அவருகிட்ட ஒண்ணு கேளு. பெத்த தாய் பெட்டிக்கு மூத்த பிள்ளையைப் பின்னால நிறுத்துறது எந்த ஊரு வழக்கம்னு கேளு."

பத்மநாபன் வாயைத் திறக்கவில்லை. அசையக் கூடாது என்று அவரே சொல்லியிருந்தார்.

ஜெயகரன் கேமராவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு சொன்னான்: "வெயில் அந்தப் பக்கம் இருந்துச்சுன்னு சொல்லும். அவரு உயரத்துக்குத் தலைமாட்டுல நின்னா நிழல் அத்தை முகத்துல விழுந்துச்சு. முகம் தெரியணுமேன்னுதான் பின்னால போகச் சொன்னேன். பந்தல் காலை நான் பார்க்கலை."

"விழட்டுமேன்னு சொல்லு" என்றார் சிலாஸ். "பெத்த பிள்ளை நிழல்தானே."

டேப் முடிந்து 'டக்'கென்று நின்றது. சிலாஸ் எழுந்தார். வாசல் வரைக்கும் போய், அங்கே தலையைக் குனிந்தவர், குனிந்தபடியே நின்று பத்மநாபனிடம் சொன்னார்: "இந்தப் படத்துல என்னை எங்க வைக்கப்போறாருன்னு பார்ப்போம். பார்த்துட்டு, பியூலா கல்யாணத்துக்கு வாறதா வேண்டாமான்னு சொல்லுதேன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றார் பத்மநாபன்.

அன்று வீட்டில் ஞானசௌந்தரி நடந்ததைக் கேட்டாள். "முன்னால வைக்கச் சொல்லுதாக. வச்சிருங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

யோசிக்க லக்ஷ்மிநாராயணன் இருந்தார். படத்தின் வரிசையை அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். முதலில் ஜி.எம். உரை. பிறகு துணை ஜி.எம்.கள், பிறகு நிதி. தொழிலாளர்கள் கடைசியில், நேரம் இருந்தால். ஜி.எம். தன் உரையை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கொடுத்திருந்தார். கீழ் உதடு மட்டும் அசைந்தது. பெட்டியைச் சுற்றி நிற்கிற ஜனத்தில் பலரும் அதைவிட அசைந்திருக்கிறார்கள்.

"சார், அசையுற ஒண்ணை முதல்ல வச்சா நல்லதுன்னு ரோஷன் மேடம் சொன்னாங்க."

"ஜி.எம். அசையணுமா?"

"நக்கோ, வேண்டாம் சார். அவர் ரெண்டாவதா வரட்டும்."

"ஜெயகரன், உனக்கு மறுபடியும் டெஸ்பேட்சுக்குப் போகணும்னு ஆசையா?"

அவனுக்கு அந்த ஆசை இல்லை. டெஸ்பேட்சில் தெர்மாக்கோல் தூள் மூக்கில் ஏறி, வருஷம் பூரா அவனுக்கு ஜலதோஷம் இருந்தது. கேமரா கைக்கு வந்த பிறகுதான் அவன் வாசனை என்பதைத் தெரிந்துகொண்டான். அதையும் தவிர, இந்த வேலை அவனுக்குப் பிடித்துப்போயிருந்தது.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு அவனும் பத்மநாபனும் ஒயரிங் ஹாலின் கடைசியில் கேமராவை ஸ்டாண்டில் மாட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். செக்ஷனுக்கு முதல் ஆளாக வருகிறவர் சிலாஸ்தான் என்பது வேலிக்கு வெளியே டீ விற்கிறவருக்குக்கூடத் தெரியும். கதவு திறந்தது. வெளியே கிளம்பிக்கொண்டிருந்த வெயில் அவருக்கு முதுகுப்பக்கம் இருந்ததால் முதலில் அவர் வரவில்லை, அவர் நிழல் வந்தது. தரையில் நீண்டு, வரிசையாக நின்ற பேனல்களின் மேல் ஏறி, ஹாலில் பாதி தூரம் வந்துவிட்டது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு அவர் வந்தார். சுவரோரமாக நடந்து சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். விளக்குகள் ஒவ்வொரு வரிசையாக எரிந்துகொண்டே வந்தன. கடைசி வரிசை எரிந்தபோது கேமராவைப் பார்த்தார். திரும்பவில்லை. தன் மேஜைக்குப் போனார்.

ஜெயகரன் படத்தை அதில் தொடங்கினான். கடைசி விளக்கு எரிந்த பிறகுதான் ஜி.எம்.

லக்ஷ்மிநாராயணனுக்கு அவன் முன்கூட்டிக் காட்டவில்லை. மெஷின் சூடாக இருக்கிறது, கேசட் ஒட்டிக்கொள்கிறது என்று ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னான். பத்மநாபன், பிராமணன் பொய் சொல்லலாகாது என்று வெளியே போய் நின்றுகொண்டார், கேபிள் போகிற தூரத்துக்கு.

கேன்டீன் ஹாலில் டிவிப் பெட்டிகளை நாலு மூலையிலும் வைத்து, டெல்லிக்காரர்கள் முன்னால் படத்தைப் போட்டார்கள். முன்வரிசையில் எல்லா அதிகாரிகளும் இருந்தார்கள். ஜி.எம். நாற்காலி மட்டும் காலி. அந்த ஜி.எம். எந்த நிகழ்ச்சிக்கும் கடவுள் வாழ்த்து முடிந்துதான் வருவார், அவர் வழக்கம் அப்படி. டெல்லிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு விமானம் இருந்தது. லக்ஷ்மிநாராயணன் வேறு வழியில்லாமல் தலையை ஆட்டினார்.

படம் ஓடியது. நிழல் வந்தது, சிலாஸ் வந்தார், விளக்குகள் எரிந்தன. பின்னால் உட்கார்ந்திருந்த ஒயரிங் செக்ஷன் விசில் அடித்தது. லக்ஷ்மிநாராயணனின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. அவர் மெதுவாகத் திரும்பி, மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற ஜெயகரனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் தெர்மாக்கோல் வாசனை அடித்தது.

கடைசி விளக்கு எரிகிற நேரத்துக்குக் கதவு திறந்தது. ஜி.எம். உள்ளே வந்தார், எல்லாரும் எழுந்து உட்கார்ந்தார்கள், அவரும் உட்கார்ந்தார். திரையில் அவர் பேசத் தொடங்கினார்.

"சரியா என்னிலேர்ந்து ஆரம்பிச்சிருக்கீங்க. நல்ல டைமிங்" என்றார் ஜி.எம்.

"ஆமாம் சார்" என்றார் லக்ஷ்மிநாராயணன்.

முன்வரிசையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்கிறவர், ஜி.எம். தாமதமாக வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். படத்தில் சிலாஸ் மறுபடியும் வந்தார், முள்ளுக்காட்டைப் பற்றி ஒரு தந்தி பேசினார். முடிந்ததும் எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜனங்கள் கலைந்த பிறகு ஜெயகரன் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சிலாஸ் வந்து பத்மநாபனுக்குப் பக்கத்தில் நின்றார். அணைத்து வைத்த டிவிப் பெட்டியைப் பார்த்தார்.

"பத்மநாபன், சுவிட்சு போடுறப்போ என் கை ஆடுற மாதிரி தெரியுதே. கேமராவை ஆட்டிட்டாரான்னு கேளு."

கேமரா ஸ்டாண்டில் இருந்தது. ஸ்டாண்டு சிமென்ட் தரையில் இருந்தது. பத்மநாபன் ஜெயகரனைப் பார்த்தார். சிலாஸ் ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஃபோர்மேனுக்குக் கை ஆடினால் கம்பெனி மெடிக்கலுக்கு அனுப்பும், அங்கேயிருந்து வீட்டுக்கு அனுப்பும், அது எல்லாருக்கும் தெரியும்.

"ஆமான்னு சொல்லும்" என்றான் ஜெயகரன், கேபிளைச் சுருட்டிக்கொண்டே. "குளிர்ல எனக்குக் கை ஆடிப்போச்சு. அவ்வளவு தூரம் நான் பழகலை."

"ஆமாம்கறார்" என்றார் பத்மநாபன்.

சிலாஸ் அதைக் கேட்டுக்கொண்டார். "பழகச் சொல்லு" என்றார். போகும்போது வாசலில் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிலாஸின் மனைவி கோவிலில் ஞானசௌந்தரியைத் தேடி வந்து, பியூலாவைக் கோவிலுக்குக் கூட்டிப் போக வண்டி யாருடையது, கார் பின்சீட்டில் கால் நீட்ட இடம் இருக்குமா, அவருக்கு முட்டி இடிக்கும் என்று கேட்டாள். ஞானசௌந்தரி பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இருக்கும் என்று சொன்னாள்.

ஜி.எம். படத்தை முழுசாகப் பார்த்தது பிற்பாடு டெல்லியில்தான், கோடை முடிகிற சமயத்தில். அவர் திரும்பி வந்த வாரம் கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள், ஜெயகரன் டெஸ்பேட்சுக்குப் போனான். ஒரு வருஷம் தும்மினான். பிறகு வேறு ஜி.எம். வந்தார், அலமாரி திறந்தது. அவன் ஓய்வு பெறுகிற வரைக்கும் அந்தக் கம்பெனியில் படம் என்றால் ஜெயகரன்தான். தும்மின வருஷத்தைப் பற்றி யாராவது கேட்டால், "மே மாசத்துக்கு அப்புறம்தானே போனேன்" என்பான்.

மே மாசக் கல்யாணத்துக்கு சிலாஸ் எல்லாருக்கும் முந்தி வந்தார். கோட்டு போட்டிருந்தார். பியூலாவின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். பாளையங்கோட்டைச் சம்பந்தி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அன்னைக்கு டூட்டியா?" என்று கேட்டார். "ஹவ், ரொம்ப நாள் டூட்டி" என்றார் சிலாஸ்.

கோவில் படிக்கட்டில் குடும்பப் போட்டோ. அன்றைக்கு ஜெயகரன் பொண்ணுக்கு அப்பா என்பதால் வெளியிலிருந்து ஒரு போட்டோக்காரரை வைத்திருந்தார்கள். ஆனால் அவருக்கு ஆட்களை நிறுத்தத் தெரியவில்லை. சிலாஸ் முன்னால் வந்தார். மணமக்களை நடுவில் வைத்தார், சம்பந்திகளைப் பக்கத்தில் வைத்தார், தங்கச்சியைத் தோளைப் பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்தினார், தியோடரை அந்தப் பக்கம் அனுப்பினார், தான் பியூலாவை ஒட்டி நின்றுகொண்டார். பிறகு திரும்பிப் பார்த்தார். பத்மநாபன் விருந்தாளியாக வந்து ஓரமாக நின்றிருந்தார். சிலாஸ் அவரைப் பார்த்து வாயைத் திறந்தார், மூடினார். பதினொரு வருஷத்துக்கும் மேலே சொல்லாத சொல்லை நேராகவே சொன்னார்:

"மாப்ள, நீரு கொஞ்சம் ரெண்டாவது வரிசைக்குப் போம்."

ஜெயகரன் போனான். அங்கே கோவில் தூண் ஒன்று இருந்தது. படம் கழுவி வந்தபோது அதில் அவன் நெற்றியும் ஒரு காதும் தெரிந்தன. அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஞானசௌந்தரி முன்னறையில் மாட்டினாள். வருகிறவர்கள், பொண்ணுக்கு அப்பா வரலியா என்று கேட்பார்கள்.

"வந்திருந்தேன்" என்பான் ஜெயகரன்.